ஒற்றை ஆள் ரம்பம்

பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து கருகும் வாசம். அதற்குள்ளே, ஈரமாக, அப்போதுதான் அறுபட்ட மரத்தின் வாசம். போன வாரம் மழைக்காற்றில் எங்கள் தெருவில் ஒரு மரம் சாய்ந்துவிட, அதை அறுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். மாடியில் ஒரு வரியை எழுதுவதும் அடிப்பதுமாக உட்கார்ந்திருந்த நான் செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய் அந்தப் புகைக்குள் நின்றேன். "சார், தள்ளி நில்லுங்க, தூள் கண்ணுல அடிக்கும்" என்றான் மிஷின் பிடித்திருந்தவன். தள்ளி நிற்க மனம் வரவில்லை. தூள் அடித்தது. கண்ணைத் தேய்த்துக்கொண்டே பார்த்தால் தெரு இல்லை, செம்மண். செம்மண்ணில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் அக்கா நிற்கிறாள். அவள் கையில் அதே மிஷின், அதே உறுமல். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். அதற்குச் சில வருஷம் முன்பிருந்தே மரக்காணத்தில் அக்கா வீட்டில்தான் நான் இருந்தேன். மாமா, அக்காவின் புருஷன், உப்பளத்தில் வேலை செய்தார். உப்பள முதலாளிக்குச் சவுக்குத் தோப்பும் இருந்தது. தோப்பு வெட்டும் வருஷம், விலைக்குப் போகாத அடிமரங்களை உப்பள ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். வண்டியில் வந்து பின்கட்டில் இறங்கும். கொடுப்பது முழு மரம். அதை அடுப்புக்குள் போகிற அளவுக்கு அறுப்பது அவரவர் பாடு.

மாமாவால் அறுக்க முடியாது. உப்பு வாருகிற மாதங்களில் அவர் கையைப் பார்க்கச் சகிக்காது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கி, சோற்றைப் பிசைவதற்கே பல்லைக் கடிப்பார். ரம்பத்தின் பிடியைப் பிடித்தால் புண் பிளந்துகொள்ளும். அதனால் விறகு அறுப்பது அக்காவும் நானும்.

எங்களிடம் இருந்தது இரண்டு முனையிலும் பிடி வைத்த நீள ரம்பம். அந்த முனையில் அக்கா, இந்த முனையில் நான். அந்த ரம்பத்துக்கு ஒரே சட்டம்தான்: இழுக்கலாம், தள்ளக் கூடாது. உன் பக்கம் இழுத்து முடித்ததும் கை பிடியிலேயே இருக்க வேண்டும், ஆனால் சும்மா இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் இழுக்கும்போது கூடவே போக வேண்டும். எனக்குச் சும்மா இருப்பது அன்றைக்கும் வராது. அவள் இழுக்கும்போது உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு தள்ளு தள்ளுவேன். தகடு வளைந்து நடுமரத்தில் நின்றுவிடும்.

"தள்றடா நீ."

"இல்லக்கா."

"என் கையில தெரியுது. உடு. நான் இழுத்துக்கறேன். உனக்கு இன்னா அவசரம், பஸ்ஸா புடிக்கணும்?"

பஸ் பிடிக்கத்தான் எனக்கு ஆசை, எப்போதும். கழுவெளி ஏரியில் நாரைகள் இறங்கும், ஏறும். நான் அவற்றின் பின்னால் வரப்பு வரப்பாகப் போவேன், பாதி வழியில் கடல் பக்கம் திரும்பிவிடுவேன், கடல் அலுத்து ரோட்டுக்கு வந்து, புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகிற வண்டிகளின் ஜன்னல்களை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா அப்படி இல்லை. அவள் நிற்கிற இடத்தில் முழுதாக நிற்பவள். ரம்பத்தின் மறுமுனையில் அவள் நின்றால் அந்த மரமே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது போலிருக்கும்.

அந்த ரம்பத்தை நாங்கள்தான் கொன்றோம். ஐப்பசி மழை பிடித்ததும் பத்திரமாக இருக்கட்டும் என்று சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்தோம். எங்கள் ஊரில் சாக்கு என்றால் உப்புச் சாக்குதான், வேறு சாக்கு ஏது? மிதியடி அது, படுதா அது, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணி அது. காலி சாக்கு காலி என்றே எங்களுக்கு நினைப்பு. அதன் நூலுக்குள் உப்பு உட்கார்ந்து மழைக்காலம் முழுக்க ஈரத்தைக் குடித்துக் குடித்து ரம்பத்துக்கு ஊட்டியிருக்கிறது. தை பிறந்து இறக்கிப் பிரித்தபோது உள்ளே கருவாடு போலச் செதில் செதிலாக ஒன்று கிடந்தது. நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தோம். பல் உதிர்ந்தது. ஐந்தாவது இழுப்புக்குத் தகடே இரண்டாகப் போனது. பிடியோடு நான் பின்னால் போய் விழுந்தேன்.

"யாரு சுத்தி வெச்சது இத?" என்று மாமா கத்திக்கொண்டு வந்தார்.

"நீங்க சாக்கு எடுத்துக் குடுத்தீங்க, அவன் சுத்தினான், நான் கயிறு கட்டினேன்" என்றாள் அக்கா. "மூணு பேரும் உப்புலயே பொறந்து உப்புலயே கெடக்கறோம். ஒருத்தருக்காவது தோணுச்சா பாரு!" சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். மாமாவும் சிரித்துவிட்டார். நான் விழுந்த இடத்திலிருந்தே சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அதே மாதம் எனக்குச் சென்னையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்திருந்தது. நான் போய்விடுவேன். ரம்பத்துக்கு மறுமுனை இருக்காது. திண்டிவனம் போய் இன்னொரு இரட்டைப்பிடி ரம்பம் வாங்கினால், ஒவ்வொரு தடவையும் அக்கா யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அக்கம்பக்கத்தில் வராமல் இருக்க மாட்டார்கள். ஆனால் கூப்பிடுவது அவளுக்கு ஆகாது. குழம்புக்குப் புளி குறைந்தால் புளியில்லாமல் குழம்பு வைப்பாள். பக்கத்து வீட்டு வாசலில் கிண்ணத்தோடு நிற்க மாட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் போன பிறகு, தன் அடுப்புக்கான விறகை, யார் கையையும் எதிர்பார்க்காமல், அவளே அறுக்க வேண்டும். அது நடக்கும் என்று கண்ணால் பார்க்காமல் எனக்கும் பஸ் ஏற மனசில்லை. "நான் வேணா போகல" என்று ஒருதரம் சொன்னேன். "நீ போகாம இங்க இருந்து? நாரைக்குக் காவலா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மோட்டார் ரம்பத்தைக் கண்டுபிடித்தவர் மாமா. உப்பு லாரியில் புதுச்சேரிப் பக்கம் போய் வந்த அன்று, சட்டையைக் கழற்றாமலே ஆரம்பித்தார்.

"மச்சான், எடையஞ்சாவடி தாண்டி, செம்மண் காட்டுல ஒரு வெள்ளைக்காரர் இருக்காரு. மரம் அறுக்கற மிஷினு வெச்சிருக்காரு. சங்கிலி மாதிரி, பல்லு பல்லா, உர்ர்ர்ருனு ஓடுது. நான் பீடி பத்த வைக்கறதுக்குள்ள ரெண்டு துண்டு! ஒரே ஆளு! விக்கப் போறாராம். இவளுக்குன்னே செஞ்சு அனுப்பின மாதிரி இருக்குது."

"பீடிய வுட்டுட்டேன்னு சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

அவருடைய ஆசை எனக்குப் புரிந்தது. தன் கை செய்ய முடியாததை ஒரு மிஷின் கையாவது செய்யட்டும் என்று இருந்தது அவருக்கு. அக்காவுக்கும் அது புரிந்திருக்கும். அதனால்தான் பார்த்துவிட்டு வரலாம் என்றாள்.

காலை வண்டியில் போனோம். மாமா, அக்கா, நான், மாமாவின் தோளில் தூங்கிக்கொண்டு அவர்களுடைய கைக்குழந்தை. கூட்டு ரோட்டில் இறங்கி நடந்தோம். உப்பின் வெள்ளையிலேயே புழங்கிய கண்ணுக்கு அந்தச் செம்மண் பெரிய அதட்டல். எங்கள் ஊரில் நிலம் வெயிலைத் திருப்பி முகத்தில் எறியும். இங்கே நிலம் வெயிலைத் தின்றுவிட்டுச் சும்மா கிடந்தது. பனைமரங்கள் அங்கொன்று இங்கொன்று. மழை அரித்த பள்ளங்கள். அவற்றுக்கு நடுவே முழங்கால் உயரக் கன்றுகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் முள் அடைத்து, ஏதோ பெரிய மனுஷர்களைக் காவல் காப்பது மாதிரி.

வெள்ளைக்காரர் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அந்த மண் நிறத்திலேயே வெந்து போயிருந்தார். கூலிக்கு வருகிறவர்களிடம் கற்ற தமிழ். "வா அக்கா, வா அண்ணே, தண்ணி குடி" என்றார். அக்காவுக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மிஷினை ஏன் விற்கிறார் என்று மாமா கேட்டார். அவர் கையை விரித்துச் சுற்றிலும் காட்டினார். அவருடைய நாட்டில் பனி பெய்யுமாம், மரம் எரித்தால்தான் வீட்டில் உயிர் இருக்குமாம். போகிற இடத்தில் முதலில் தேவைப்படும் என்று இதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "வந்து பாத்தேன். மரம் இல்ல!" என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "மொதல்ல நடணும். அறுக்கறது, எங்க பையன் காலத்துல." பக்கத்துத் தோப்புக்காரர்கள் எப்போதாவது கூப்பிட்டால் போய் அறுத்துக் கொடுப்பதோடு சரி.

பக்கத்துத் தோப்பிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த ஒரு சவுக்கின் மேல் காலை வைத்து, கயிற்றைச் சுண்டி இழுத்தார். உறுமியது. காட்டில் இருந்த காக்கைகள் எல்லாம் ஒரே கருப்புத் துணியாக எழுந்தன. சங்கிலி மரத்துக்குள் இறங்கியது. வெண்ணெய்க்குள் விரல் இறங்கும், அதுகூட இவ்வளவு சுலபமாக இறங்காது. துண்டு விழுந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அந்த மிஷினைப் பெற்றெடுத்தவரே அவர்தான்.

"நீ பிடி. பயம் இல்ல?" என்று அக்காவிடம் நீட்டினார் வெள்ளைக்காரர்.

"பயமா இருக்குது. குடுங்க" என்றாள்.

புடவையைத் தூக்கிச் செருகினாள். கயிற்றை இழுத்தாள், இருமியது. மறுபடி இழுத்தாள், இருமியது. அவர் கையை நீட்டினார். அவள் தோளாலேயே அவரை விலக்கிவிட்டு இன்னொரு தடவை, இடுப்பிலிருந்து, முழு உடம்பாலும் இழுத்தாள். பிடித்துக்கொண்டது. அதன் உதறல் கை வழியாக ஏறி அவள் காதுத் தோடு வரைக்கும் நடுங்கியது. மரத்தில் வைத்தாள். தூள் ஊற்றாக அடித்தது. அப்போதுதான் அந்தச் சிரிப்பு. பல்லெல்லாம் தெரிய, வெட்கம் கொஞ்சமும் இல்லாத சிரிப்பு. அத்தனை வருஷம் ரம்பத்தின் இந்த முனையிலிருந்து நான் பார்த்தது பாதி அக்காதான் என்று தோன்றியது. எனக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் அவள் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு துண்டு, இன்னொரு துண்டு. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். வாயெல்லாம் மரத்தூள்.

மூன்றாவது துண்டு அறுக்கையில் அவள் ஏதோ நினைத்துத் திரும்பினாள். மாமாவின் தோளில் குழந்தை விழித்திருந்தது. வாயை முழுதாகத் திறந்து, முகம் கறுத்து, அழுதுகொண்டிருந்தது. எப்போதிலிருந்தோ தெரியாது. மாமாவும் வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வாயிலிருந்தும் சத்தமே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் போல அப்பாவும் பிள்ளையும்.

அக்கா மிஷினை நிறுத்தினாள். நிறுத்தியதும் அழுகை வந்து சேர்ந்தது.

குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் மிஷினைப் பார்த்தாள். குனிந்து அதன் முதுகை ஒருதரம் தடவினாள். "அழகுதாங்க இது. சத்தியமா அழகு. ஆனா எனக்கு வேணாம்."

மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏம்மே? இப்பதானே சூப்பரா அறுத்த!"

"புள்ள தூளில கெடக்கும், நான் பின்கட்டுல அறுப்பேன். இது கத்தறதும் எனக்குக் கேக்காது, தூளி அறுந்து உழுந்தாலும் கேக்காது."

"பக்கத்து ஊட்ல குடுத்துட்டு அறுக்கறது."

"தெனம் போயி புள்ளைய புடிங்கன்னு நிக்கறதுக்கு, ரம்பத்தோட அந்தப் பக்கத்தப் புடிங்கன்னு நின்னுடுவேனே. அதுக்கு எதுக்கு மிஷினு?"

எனக்குச் சென்னை ஒரு அடி தள்ளிப் போய்விட்டது போலிருந்தது. திண்டிவனம் போய் இன்னொரு நீள ரம்பம் வாங்குவது, நான் கொஞ்ச நாள் கழித்துப் போவது, இல்லாவிட்டால் போகாமலே இருப்பது என்று மனசுக்குள் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அதற்குள் கொட்டகைப் பக்கம் நகர்ந்திருந்தாள்.

அங்கே ஆணியில் ஒன்று மாட்டியிருந்தது. இரும்புக் குழாயை வில்லாக வளைத்து, நாண் இருக்கும் இடத்தில் மெல்லிய பல்தகடு பூட்டிய ரம்பம். எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்திராத ஒன்று. குழந்தையை என்னிடம் திணித்துவிட்டு அதை இறக்கினாள். தகட்டை விரலால் சுண்டினாள். டிங் என்றது. அதே சவுக்கை, ஒரு பாதத்தால் அழுத்திக்கொண்டு, ஒற்றைக் கையால் அறுக்க ஆரம்பித்தாள். முதல் நாலு இழுப்பு தடுமாறியது. பிறகு கை அதன் போக்கைக் கண்டுகொண்டது. இதில் தள்ளவும் செய்யலாம், இழுக்கவும் செய்யலாம், எல்லாம் அவள் இஷ்டம். சரக், சரக், சரக். அந்தச் சத்தத்துக்கு நடுவே குழந்தை என் சட்டைப் பித்தானைச் சப்புவது எனக்குக் கேட்டது. துண்டு விழுந்தது. மிஷின் அறுத்ததைவிட நேரம் ஆனது, உண்மைதான். ஆனால் துண்டு விழுந்தது.

"இதக் குடுங்க" என்றாள்.

வெள்ளைக்காரர் வேகமாகத் தலையாட்டினார். "இல்ல, இல்ல அக்கா. இது என்னோடது. மிஷினு எடுத்துக்கோ."

"மிஷின விக்கறீங்க, இத விக்க மாட்டீங்களா?"

"இது தெனம் வேணும். நல்ல ரம்பம்."

"மரம் நடற ஆளுக்கு எதுக்குங்க தெனம் ரம்பம்? அந்தக் கன்னுங்க பாத்தா பயந்துக்காது?"

அவருக்கு அது புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் மரத்தின்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமாவே சிரித்தார். சிரித்து முடித்த வெள்ளைக்காரர் எழுந்து கொட்டகைக்குள் போய் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இன்னொரு தகடு எடுத்து வந்தார். பல் மழுங்கினால் மாற்ற. மாமா மிஷினுக்கென்று கொண்டுவந்த பணத்தில் சொற்பம்தான் செலவானது. மிச்சத்தை மடியில் முடிந்துகொண்டு, விடைபெறும்போது, அந்த மிஷினை அவர் திரும்பிப் பார்த்தது இருக்கிறதே, சம்பந்தம் பேசி முறிந்த வீட்டைப் பார்ப்பது மாதிரி.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் சும்மா விடவில்லை. "இன்னாம்மா இது, ராமரு வில்லா? ஒடைச்சவருக்குத்தான் பொண்ணா?"

"ஒடைக்காம வெச்சிருக்கறவருக்குத்தான் சோறு" என்றாள் அக்கா, மாமாவைப் பார்க்காமல். பஸ் முழுக்கச் சிரித்தது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் அவர் காது சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த சில நாட்கள் நான் ரம்பத்தைத் தொடவில்லை. அவள் தொட விடவில்லை. இரண்டு கவைக் கட்டைகளை நட்டாள், மரத்தை அதில் கிடத்தினாள். மரம் உருண்டது. மாமா உப்பளத்திலிருந்து மத்தியானம் வந்ததும் அவரை மரத்தின் மேலேயே உட்காரச் சொன்னாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வெடித்த கைகளை மல்லாத்தி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, பல்லக்கில் போகிறவர் போல அவர் உட்கார்ந்திருப்பார். "மெதுவா அறும்மே, குலுக்குது." "குலுக்கினா எறங்கி நீங்க அறுங்க." அவர் இல்லாத நேரத்துக்கு ஒரு கயிற்றுச் சுருக்குப் போட்டு மரத்தைக் கவையோடு கட்டப் பழகிக்கொண்டாள். வேலை முடிந்ததும் தகட்டில் விளக்கெண்ணெய் தடவி, அடுப்புக்கு நேர் மேலே, புகை படுகிற இடத்தில் மாட்டினாள். தாழ்வாரத்தில் விறகு ஏறிக்கொண்டே வந்தது. ஒரே நீளம், ஒரே நேர் வெட்டு. அந்த அடுக்கின் முன்னால் நான் நின்றுகொண்டே இருப்பேன். இத்தனை சீராக ஒரு பக்கமாவது என்னால் எழுத முடியுமா என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

கிளம்பிய காலை, தகரப் பெட்டியோடு பின்கட்டுக்குப் போனேன். மாமா விடியுமுன்பே உப்பளத்துக்குப் போயிருந்தார், வரப்பில் நின்று பஸ்ஸுக்குக் கையாட்டுவதாகச் சொல்லிவிட்டு. பூவரச மரத்தில் தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அறுத்துக்கொண்டிருந்தாள். நல்ல பருமனான துண்டு, முக்கால்வாசி இறங்கியிருந்தது. நெற்றி வேர்வையில் மரத்தூள் ஒட்டி, திருநீறு பூசியது போலிருந்தாள். பெட்டியைக் கீழே வைத்தேன். கவைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மர நுனி, விழப்போகிறதே என்று, குனிந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். நுனி மேலே ஏறியதும் வெட்டு வாய் மூடிக்கொண்டு தகட்டைக் கவ்வியது. ரம்பம் நின்றது.

அவள் ரம்பத்திலிருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்தாள்.

"கைய எடுடா. நீ தாங்கினா ரம்பம் மாட்டிக்குது. அதும்பாட்டுக்கு உழும், உடு. போ, பஸ்ஸு வந்துடும்."